மயிலாப்பூரில் ஆடி வெள்ளி: காலை மாத்திரைக்கும் பொங்கலுக்கும் நடுவில்

இந்த ஆடி மூன்றாவது வெள்ளிக்கிழமை நானும் என் மனைவி விஜயாவும் சென்னையில் இருந்தோம். "ஒரே நாளில் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றையும் பார்க்க முடியுமா?" என்று இந்த வலைப்பூ வாசகர்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முடியும் என்று காட்டத்தான் கிளம்பினேன். விஜயாவுக்கு வேறு காரணம். ஆடித் தள்ளுபடியில் ஒரு சேலை எடுக்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்றையும் பார்க்க முடியவில்லை. நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். கடைசியில் எழுதச் சொன்னவள் விஜயாதான்.

புதிதாக வருபவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துக் குறித்தே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புத்தி பயணத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய், எல்லாம் அதில் ஏறிவிடும். விஜயா அதை 'உங்க சின்ன வீடு' என்பாள்.

வியாழக்கிழமை பகல் ரயிலில் எழும்பூர் வந்து, ராயப்பேட்டையில் ஒரு லாட்ஜில் தங்கினோம். ஏ.சி. இல்லாத இருவர் அறை, ஒரு நாளைக்கு 1,450 ரூபாய். தண்ணீர் நன்றாக வந்தது. மயிலாப்பூருக்கு இரண்டரை கிலோமீட்டர்தான் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.15க்கு எழுந்தோம். 6.05க்கு விஜயா தன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு எட்டு வருடமாகச் சுகர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டிய மாத்திரை அது. வீட்டில் ஆறரைக்கு இட்லி தட்டில் விழுந்துவிடும். 6.30க்கு ஆட்டோ பிடித்தோம். 150 கேட்டார், 110க்கு வந்தார்.

திட்டம் இதுதான். முதலில் பெரிய கோயில். பிறகு சற்றுத் தள்ளி ஒரு சந்தில் இருக்கும் அம்மன் கோயில், ஆடி வெள்ளி என்பதால் கட்டாயம். இரண்டும் முடித்துவிட்டு ஒன்பதரைக்கு ஒரு பழைய மெஸ்ஸில் பொங்கல். அந்த மெஸ்ஸைப் பற்றி நான் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டே நாக்கு ஊறிக் கிடந்தேன். சாமி பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதோடு என் பேராசையும் சேர்ந்துகொண்டது. நல்ல பசியோடு போனால்தானே பொங்கலை நியாயமாக மதிப்பிட முடியும்?

பெரிய கோயிலில் நல்ல கூட்டம். அர்ச்சனைத் தட்டு 70 ரூபாய். தரிசனம் முடித்து வெளியே வரும்போது 8.15. வாசல் எதிரே ஒரு கடையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். விஜயா நின்றாள்.

"என்னங்க, ஒரு வாய் காபி மட்டும் குடிச்சிட்டுப் போயிடலாமே."

"இப்பக் காபியை ஊத்தினா பொங்கல் இறங்குமா? இன்னும் ஒரு கோயில்தான். அம்மனைப் பாத்துட்டு நேரா போய் உக்காந்துடலாம்."

நான் நோட்டில் 8.15 என்று எழுதிக்கொண்டு நடந்தேன்.

அம்மன் கோயில் 900 மீட்டர். பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. சந்து முழுக்க வேப்பிலைத் தோரணம், பந்தல், ஒலிபெருக்கி. கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பானைகளில் கேழ்வரகுக் கூழ் தயாராக இருந்தது. வேப்பிலை கட்டி, மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். அம்மனுக்குப் படைத்த பிறகுதான் ஊற்றுவார்கள், படையல் பத்து மணிக்கு என்றார்கள். பந்தலுக்குள் பம்பையும் உடுக்கையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஆடி வெள்ளியைச் சென்னையில் பார்க்க விரும்புகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பாமல் இப்படி ஒரு சின்னக் கோயிலுக்கும் போங்கள். இதை இப்போதும் சொல்வேன்.

வரிசையில் நிற்கும்போது ஒன்பது மணி வாக்கில் விஜயா என்மேல் எரிந்து விழுந்தாள். "எதுக்கு இப்படித் தள்றீங்க?" என்றாள். நான் தள்ளவே இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் நான்கு பேர் முன்னால் அவள் குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. வெயில், கூட்டம், அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

9.20க்கு அம்மன் முன்னால் வந்துவிட்டோம். விஜயா கும்பிடவில்லை. கண் ஓரிடத்தில் நிலைகுத்தி நின்றது. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது, ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. கை நடுங்கியது. பம்பை அடிக்கு ஏற்றாற்போல் உடம்பு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் ஓர் அம்மாள் குலவை போட்டார். "ஆத்தா வந்துட்டா, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

நான் அப்போது பயந்தேன் என்று எழுதினால் பொய். எனக்குப் புல்லரித்தது. என் மனைவிமேல் அம்மன் இறங்கியிருக்கிறாள். அவ்வளவு கூட்டம் இருக்க, திருச்சியிலிருந்து வந்த எங்களைத் தேடி வந்திருக்கிறாள். பெருமையாகக்கூட இருந்தது. போனை எடுத்து வீடியோ பிடித்தேன். ஐம்பது விநாடி. அந்த வீடியோவைக் கேட்காதீர்கள், அழித்துவிட்டேன்.

பூசாரி ஓடிவந்து அவள் நெற்றியில் திருநீறு போட்டார். கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். அவள் வாயில் வேப்பிலைக் கொத்து ஒன்றையும் யாரோ வைத்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கால் மடங்கி விஜயா தரையில் உட்கார்ந்தாள், அப்போதும் ஆடிக்கொண்டே இருந்தாள். பூசாரி என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர்தானே? கேளுங்க, ஆத்தா வாக்கு குடுப்பா" என்றார்.

நான் மண்டியிட்டுக் கைகூப்பினேன். நம் ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

"தாயே, நாங்க என்ன குறை வச்சோம்?"

விஜயாவின் உதடு அசைந்தது. வேப்பிலை கீழே விழுந்தது. நாக்கு குழறியது, ஆனால் தெளிவாகவே கேட்டது.

"பசிக்குது."

கூட்டம் ஒரேயடியாகக் கும்பிட்டது. "ஆத்தாவுக்குப் பசிக்குதாம்" என்று செய்தி சந்தின் கோடிவரை போயிற்று. அடுத்த வெள்ளி ஒரு படி அரிசியில் பொங்கல் வைக்கிறேன் என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் கூடுதலாக ஒரு பானை கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். நானும் சும்மா இருக்கவில்லை. ஊருக்குப் போய் எங்கள் குலதெய்வத்துக்குப் படையல் போடுகிறேன் என்று அந்தக் குளிர்ந்த கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அவள் மறுபடி "பசிக்குது" என்றாள். நாங்கள் மறுபடி கும்பிட்டோம். அங்கே நூறு பேராவது இருந்திருப்போம். அவள் வாயில் ஒரு கவளம் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நூறு பேரை விடுங்கள், எனக்குத் தோன்றவில்லை.

கூழ்ப் பானைப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண்தான் முதலில் அசைந்தார். ஐம்பது வயது இருக்கும், மஞ்சள் சேலை, கையில் காப்பு கட்டியிருந்தார். கன்னியம்மா என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து விஜயாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தொடாதம்மா, ஆத்தா எறங்கியிருக்கா" என்றார் பூசாரி.

"ஆத்தாவ எனுக்குத் தெரியாதா? வருசா வருசம் எம்மேல வரா. வந்தான்னா ஒடம்பு அனலா கொதிக்கும். இந்தம்மா ஐஸாட்டம் கீது." என் பக்கம் திரும்பினார். "சார், இவங்களுக்குச் சக்கர கீதா?"

"இருக்கு."

"காலைல மாத்திர போட்டாங்களா?"

"போட்டா. ஆறு அஞ்சுக்கு."

"நாஷ்டா இன்னா துன்னாங்க?"

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. மாத்திரை போட்டு மூன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

"அடப்பாவி மனுசா" என்றார் கன்னியம்மா. அதற்கு மேல் திட்ட நேரமில்லாமல் உடனே கத்தினார். "டீக்கடைல சக்கர எட்தா. யாரும் தண்ணி ஊத்தாதீங்க, பொரையேறிப்பூடும்." யாரோ ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரை கொண்டுவந்தார்கள். அவர் விஜயாவை ஒருக்களித்துச் சாய்த்து, சர்க்கரையை விரலில் தொட்டுத் தொட்டு அவள் ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேய்த்தார். தான் வேலை செய்யும் வீட்டில் ஒரு பெரியம்மாவுக்கு இரண்டு முறை இப்படி ஆகியிருக்கிறதாம், அங்கே வந்த நர்ஸ் சொல்லிக்கொடுத்ததாம். தேய்த்துக்கொண்டே சொன்னார். பம்பை நின்றுவிட்டது. நான் விஜயாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் பார்க்கவில்லை. எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ, என் நோட்டில் இல்லாத நிமிடங்கள் அவை.

விஜயா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "ஏன் தலையெல்லாம் ஈரம்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி அத்தனை பேர் இருப்பதுகூடத் தெரியாமல் அழுதேன்.

கன்னியம்மா எழுந்துபோய்க் கூழ்ப் பானையின் துணியை விலக்கினார். பூசாரி பதறிவிட்டார்.

"இன்னும் படைக்கலம்மா. இன்னா பண்ற நீ?"

"ஆத்தா பசிக்குதுன்றா, கேட்டல்ல? நீதான வாக்குன்ன. அப்ப ஆத்தாளுக்கே ஊத்திக்கினு போறேன், வுடு."

பூசாரி ஒதுங்கி வழிவிட்டார். இந்த வருடம் அந்தக் கோயிலில் படையலுக்கு முன்னால் ஊற்றப்பட்ட முதல் சொம்புக் கூழை விஜயா குடித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுவில் மூச்சுவிடாமல் குடித்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

சந்து முனையில் ஆட்டோ பிடித்து ராயப்பேட்டைக்குப் பறந்தோம். அரசு மருத்துவமனை இரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம், 80 ரூபாய். கன்னியம்மாவும் கூடவே ஏறி விஜயாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். முன்பு மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் வீடு இருந்ததாம், இப்போது பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்களாம். ஆடி வெள்ளிக்கு மட்டும் விடிவதற்கு முன்னால் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறார். விஜயாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும், "கூழு ஊத்தணும் சார், நான் போய்க்கினே இருக்கேன். இனிமே சோறு போட்டுட்டு சாமி காமி" என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டார். சரியாக ஒரு நன்றிகூடச் சொன்னேனா என்று நினைவில்லை.

அங்கே குத்திப் பார்த்தபோது சர்க்கரை 61. டம்ளர் சர்க்கரையும் கூழும் உள்ளே போன பிறகு 61. அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று பணியில் இருந்த டாக்டரிடம் கேட்டேன். "அதைத் தெரிஞ்சுக்காம இருக்கிறதே உங்களுக்கு நல்லது" என்றார் அந்தப் பெண். குளுகோஸ் ஏற்றினார்கள். மாத்திரையின் வேலை இன்னும் முடியவில்லை, மறுபடியும் இறங்கலாம், அதனால் மறுநாள் காலைவரை இருக்க வேண்டும் என்றார். பிறகு வரிசையாகக் கேட்டார். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், மாத்திரை எத்தனை மணிக்கு, எப்போது வியர்த்தது. நான் நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். 5.15, 6.05, 9.20.

"டைமெல்லாம் இவ்வளவு கரெக்டா வச்சிருக்கீங்க சார்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "சாப்பாட்டு டைம் மட்டும் எங்க?"

மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள். லாட்ஜில் விஜயாவின் கைப்பையில் இருந்தது. ஆடிக் கூட்டத்தில் பையை அறுத்துவிடுவார்கள், பணம் என்னிடம் இருக்கும்போது உனக்கு எதற்குப் பை என்று காலையில் நான்தான் அதை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். போய் எடுத்தேன். இத்தனை வருடத்தில் அவள் பையை நான் திறந்ததே இல்லை.

அட்டை ஓர் ஓரத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய பாதி பிஸ்கட் பாக்கெட். ஏழு மிட்டாய். பழைய பவுடர் டப்பா ஒன்று, திறந்தால் உள்ளே சீனி, சின்ன ஸ்பூனோடு. அடியில் சுருட்டி வைத்த காலி பிஸ்கட் உறைகள். ஒன்றில் ராமேஸ்வரம் கடை விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நாங்கள் ராமேஸ்வரம் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது.

கோயிலில் எனக்கு வந்ததை அதிர்ச்சி என்று நினைத்திருந்தேன். நான் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து அந்த டப்பாவைக் கையில் வைத்திருந்த நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மாலையில் அவள் தெளிவாகப் பேச ஆரம்பித்ததும் கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"பிஸ்கட்."

"சுகர் வந்ததுலேர்ந்துதான். நீங்க சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்பீங்க. கண்ணைக் கட்டும். பாத்ரூம் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போய் ரெண்டு பிஸ்கட் தின்னுட்டு வந்துடுவேன்."

"பாத்ரூம்லயா?"

"வேற எங்க திங்கிறது? வெளிய நின்னு தின்னா நீங்க பாப்பீங்கள்ல."

"சொல்லியிருக்கலாமே விஜயா."

"சொன்னா அடுத்த தடவை, 'உனக்கு ஒடம்பு முடியாது, நீ வீட்ல இரு'ன்னு நீங்க மட்டும் கிளம்பிடுவீங்க. எனக்கு ஊர் பாக்கப் புடிக்கும்ங்க."

இந்த வலைப்பூவின் பழைய வாசகர்களுக்கு என் ஒரு நகைச்சுவை நினைவிருக்கும். 'மனைவியோடு போகிறவர்கள் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் கழிப்பறைக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஏழெட்டுப் பதிவுகளில் எழுதியிருக்கிறேன். நீங்களும் சிரிக்கும் பொம்மைகள் போட்டிருக்கிறீர்கள். அந்த வரிகளை எல்லாப் பதிவுகளிலிருந்தும் நீக்கிவிட்டேன். பொதுக் கழிப்பறையின் கதவுக்குப் பின்னால் நின்று ஒருத்தி பிஸ்கட் தின்ற நேரத்தை நான் தாமதம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு அனுப்பினார்கள். நான் நேரே ரயிலுக்குப் போய்விடலாம் என்றேன். சேலை எடுக்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்றாள். முதலில் இட்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உட்கார வேண்டும், நோட்டு அவள் கையில். இந்த நிபந்தனைகளோடு ஆட்டோவில் தி. நகர் போனோம், 160 ரூபாய். ஒரே ஒரு கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியதில்லை, பதினோரு மணிக்கு முன்னால் போனால் மூச்சுவிடலாம். மாம்பழ நிறத்தில் ஒரு காட்டன் சேலை, 1,180 ரூபாய். அடையாறு போகவில்லை. அந்த மெஸ்ஸுக்கும் போகவில்லை. அங்கே பொங்கல் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இதேபோல் போக நினைக்கிறவர்களுக்கு. கூட வருகிறவர்களுக்குச் சர்க்கரை இருந்தால் மாத்திரை என்ன, எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் சாப்பாடு என்பதை அவர்கள் டாக்டரிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாப்பாடு கண்ணில் படாமல் மாத்திரை வேண்டாம். தரிசனத்துக்கு முன்னால் சாப்பிடலாம், எந்த அம்மனும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. சர்க்கரையோ மிட்டாயோ உங்கள் சட்டைப் பையிலும் இருக்கட்டும். திடீரென்று எரிந்து விழுந்தாலோ, சில்லென்று வியர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, காரணத்தை அப்புறம் தேடலாம், உடனே இனிப்பு கொடுங்கள். விழுங்க முடியாத நிலையில் தண்ணீரோ ஜூஸோ ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வலைப்பூவில் இதுவரை நாற்பத்தொரு பயணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நிமிடக் கணக்கோடு ஒரு கால அட்டவணை போட்டிருக்கிறேன், பலர் அப்படியே அச்செடுத்துப் போயிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். அவை எல்லாம் ஒரு ஆளின் பசிக்குப் போட்ட அட்டவணைகள். நாங்கள் போனது இரண்டு பேர்.